மெழுகுவத்திக்கு விலை போட்ட காலம்

போன மாதம் காக்கநாட்டிலிருந்து நிமிஷா என்ற பெண் என்னைத் தேடி மட்டாஞ்சேரிக்கு வந்தாள். என் மகளின் தோழி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சனி, ஞாயிறுகளில் வீட்டுச் சமையலறையில் மெழுகுவத்தி செய்து போனிலேயே விற்கிறாளாம். கொண்டுவந்த கண்ணாடிக் குடுவைகளை என் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தாள். ஒன்றில் மல்லிகை வாசனை, இன்னொன்றில் ஏலக்காய்.

"ஆன்ட்டி, நல்லா விக்குது. ஆனா கையில ஒண்ணும் நிக்கிறதில்ல. என்ன விலை வைக்கணும்னு சொல்லுங்களேன்."

எதையெல்லாம் கணக்கில் சேர்த்தாய் என்று கேட்டேன். மெழுகு, நூல், வாசனை எண்ணெய், குடுவை, மேலே ஒட்டும் காகிதம் என்று சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"உன் நேரம்?"

"அது... சும்மா இருக்கிற நேரந்தானே ஆன்ட்டி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இதே பதிலை வேறொரு பெண் பல வருஷங்களுக்கு முன்னால் எனக்குச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்தான் அப்போது எனக்கு முதலாளி. நிமிஷாவுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகு பழைய பட்டறை நினைவாகவே இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். என் மகளுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும். இதை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

நாங்கள் தலைமுறைகளாக மட்டாஞ்சேரியில் இருக்கிறோம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். பி.காம் முடித்ததும் பஜாரில் ஒரு சுக்கு, மிளகு வியாபாரியின் ஆபீஸில் சேர்ந்தேன். அங்கே கற்றதை இரண்டே வரியில் சொல்லிவிடலாம். காய்ந்தால் எடை குறையும். குறைகிற எடைக்கும் சேர்த்துத்தான் விலை போட வேண்டும். இதை உடம்பில் ஏற்றிக்கொள்ள பல வருஷம் ஆயிற்று. சுக்குத் தூசியில் தும்மித் தும்மி வேலை பழகினேன். என் மகள் ஏழாவது படிக்கும்போது முதலாளியின் பிள்ளைகள் வியாபாரத்தை வேண்டாம் என்று மூடிவிட்டார்கள்.

அப்போது ஆனி என்ற பெண், பஜாருக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து மெழுகுவத்திப் பட்டறை நடத்திக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். பள்ளுருத்தியில் வாழ்க்கைப்பட்டவள். கோயம்புத்தூரில் வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவாள். மாமியார் வீட்டில் பரம்பரையாகப் பள்ளிகளுக்கு மெழுகுவத்தி செய்து கொடுத்தார்கள். பள்ளி என்றால் இங்கே சர்ச். ஆனி அதோடு பூ வடிவம், மீன் வடிவம், படகு வடிவம் என்று வெள்ளைக்காரர்கள் வாங்குகிற சாமான்களையும் செய்யத் தொடங்கியிருந்தாள். கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

முதல் நாள் "மேடம்" என்றேன். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மேடம்னு விளிக்க வேண்டாம் பத்மேச்சி. ஆனி. அது மதி, அது போதும்."

கடைசி வரைக்கும் நான் ஆனி என்றேன், அவள் என்னை அக்கா முறை வைத்துப் பத்மேச்சி என்றாள்.

எங்கள் பட்டறையில் மெழுகுவத்தியைத் திரி என்போம். உள்ளே இருப்பது நூல். இந்த வித்தியாசம் பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. நான் சேர்ந்தபோது அங்கே விலை போட்ட விதம் எளிது. மெழுகு என்ன விலை, அதைப் போல இரண்டு மடங்கு. அவ்வளவுதான். மாதக் கடைசியில் வேலை செய்யும் பெண்களுக்குக் கூலி கொடுத்துவிட்டு, மிஞ்சியதை ஆனி வீட்டுக்கு எடுத்துப் போவாள். சில மாதம் ஒன்றும் மிஞ்சாது.

நான் முதலில் தராசை எடுத்தேன். உருக்குவதற்கு முன்னால் மெழுகை நிறுத்தேன். திரியாக வந்ததையும் நிறுத்தேன். இரண்டும் ஒன்றாக இல்லை. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியது, அச்சில் ஒட்டியது, தரையில் சிந்தியது, சீவிவிட்டது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருந்தது. சுக்கு காய்வது போலத்தான். சீவலைத் திரும்ப உருக்கலாம், தரையில் சிந்தியதை உருக்க முடியாது. பிறகு நேரம். மெழுகை ஊற்றியதும் வேலை முடிந்துவிடாது. ஆறும்போது மெழுகு சுருங்கி நூலைச் சுற்றிக் குழி விழும். அதில் இரண்டாம் முறை ஊற்ற வேண்டும். அச்சைக் கழற்ற வேண்டும், அடியைச் சமன் செய்ய வேண்டும், பழைய பருத்திச் சேலைத் துணியால் தேய்த்து மினுக்க வேண்டும். மழைக்காலத்தில் நூலில் ஈரம் ஏறும். அப்படியே ஊற்றினால் எரியும்போது படபடவென்று பொரியும். அதனால் நூலைக் காயவைக்கும் வேலை கூடும். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் ஒரு திரியை எரித்துப் பார்ப்போம். அந்த ஒன்றின் செலவை மற்றவை சுமக்க வேண்டும். பெட்டியில் போகும் வழியில் உடைந்தால் மெழுகைத் திரும்ப உருக்கிக்கொள்ளலாம். அதைச் செய்த நேரத்தை உருக்க முடியாது.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஆனியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"வாசிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

அவள் வழக்கம் அது. எந்தக் கணக்கானாலும் அடுப்புப் பக்கத்தில் நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். ஊற்றுகிறவர்கள் ஊற்றிக்கொண்டே கேட்பார்கள். ஆனி நகத்துக்குள் போன மெழுகைக் குச்சியால் சுரண்டிக்கொண்டு நிற்பாள். முகத்தைப் பார்த்தால் கேட்கிறாளா என்றே தெரியாது. ஆனால் ஒவ்வொரு வரி முடிந்ததும் ஒரே கேள்வி வரும்.

"இது யார் கைக்குப் போகுது?"

மெழுகு என்றால் எர்ணாகுளம் கடைக்காரர் கைக்கு. வாடகை என்றால் கிடங்குக்காரர் கைக்கு. அன்றைக்கு வாசித்தபோது ரோசம்மா குறுக்கே புகுந்தாள். பட்டறையில் மூத்தவள். ஊற்றும் வேலை முழுக்க அவள் பொறுப்பு. கனமான கை, கனமான குரல்.

"அச்சு கழுவுறது எவிட பத்மேச்சி? தினம் சாயங்காலம் நானும் இந்தப் பொண்ணும் அரை மணிக்கூர் கழுவுறோமே, அது யார் கைக்குப் போகுது?"

அது விட்டுப் போயிருந்தது. சேர்த்தேன். இப்படி ஒரு தாளை வாசித்து முடிப்பதற்குள் சாயா இரண்டு முறை வந்து போகும். ஆனால் வாசித்து முடித்த கணக்கில் அதன்பின் ஒரு ஓட்டை இருக்காது.

அன்று கடைசி வரி வந்ததும் நான் கேட்டேன். "ஆனி, உங்க சம்பளம் இதுல எங்கே?"

"எனக்கெதுக்கு? மிச்சம் வர்றது எனக்குத்தானே."

"மிச்சம் வராத மாசம்?"

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே போனாள். கோபித்துக்கொண்டாள், வேலை போயிற்று என்று நினைத்தேன். சிறிது நேரத்தில் திரும்பி வந்தாள்.

"எழுதுங்க. ரோசம்மாவுக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு. அதுக்கு மேல வேண்டா."

விலை கூடியது. கடைக்காரர்கள் இரண்டு பேர் போய்விட்டார்கள். பிறகு ஒருவர் திரும்பி வந்தார். ஆனால் அந்த மாதம் ஆனி வீட்டுக்கு ஒரு தொகையை எடுத்துப் போனாள். மறுநாள் அவள் கணவர் பட்டறைக்கு வந்து, என் முன்னால் ஒரு பொட்டலம் பழம்பொரி வைத்துவிட்டுப் போனார்.

இன்னொரு நாள் ரோசம்மா கொதித்துக்கொண்டு வந்தாள். வெள்ளைக்காரர்கள் சுற்றும் தெருவில் ஒரு கடை ஜன்னலில் நம் தாமரைத் திரியைப் பார்த்தாளாம். நாங்கள் கொடுத்த விலையைவிட மூன்று பங்கு எழுதியிருந்ததாம்.

"நம்மளப் பறிச்சுத் தின்னுறான் அவன்!"

ஆனி என்னைப் பார்த்தாள். "அவனோட கணக்கையும் போடுங்களேன்."

போனேன். கடைக்காரர் முதலில் முறைத்தார், பிறகு தாமாகவே கொட்டினார். கடை வாடகை எங்கள் கிடங்கைவிடப் பல மடங்கு. ஆள்களைக் கூட்டிவரும் வழிகாட்டிகளுக்குப் பங்கு. மழை மாதங்களில் ஈ ஓட்டல். வெயிலில் ஜன்னலிலேயே வளைந்து போகிற திரிகள். எல்லாம் போட்டுப் பார்த்தால் அவருக்கு மிஞ்சுவது ரோசம்மா நினைத்த அளவு இல்லை. ஆனாலும் எங்களுக்கு மிஞ்சுவதைவிட அதிகம்தான். அதையும் அடுப்புப் பக்கத்தில் நின்று வாசித்தேன். ரோசம்மா முழுதும் கேட்டுவிட்டு, "அப்போ கொஞ்சம் கூட்டிக் கேக்கலாம்" என்றாள். கேட்டோம். அவரும் கொடுத்தார்.

இனி அந்த ஹோட்டல் விஷயம். என் வேலைக் காலத்தில் என்னை அதிகம் பதற வைத்தது அது.

கோட்டைக் கொச்சியில் காயல் ஓரமாக இருக்கும் பெரிய ஹோட்டல். திறந்த தளத்தில் மேசை போட்டு இரவுச் சாப்பாடு. கப்பல்கள் உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். ஒவ்வொரு மேசைக்கும் தினம் ஒரு திரி வேண்டும் என்று சாமான் வாங்கும் மேலாளர் விநோத் வந்து பேசினார். சாப்பாடு தொடங்கி முடியும் வரை அணையாமல் எரிய வேண்டும், அதுதான் நிபந்தனை. எரித்துக் காட்டினோம். எரிந்தது. விலை பேசி முடித்தோம். அந்த ஒப்பந்தத்தை நம்பி ஆனி மேலும் மூன்று பெண்களை வேலைக்கு எடுத்தாள்.

இரண்டாவது வாரம் விநோத் நேரில் வந்தார். கையில் ஒரு பை. அதில் கட்டையாய் உருகிப்போன திரிகள்.

"இது பாதிச் சாப்பாட்டுல தீர்ந்துபோகுது ஆனி. கெஸ்ட் இருட்டுல உக்காந்திருக்காங்க. சாம்பிளுக்கு ஒரு மெழுகு, சப்ளைக்கு ஒரு மெழுகா?"

பட்டறை அப்படியே நின்றுவிட்டது. ரோசம்மா கையில் இருந்த பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். "என் கையால ஊத்தினது சாரே. வேற மெழுகு இந்த வாசல் கடந்து வந்ததில்ல" என்றாள். புதிதாகச் சேர்ந்த மூன்று பெண்களும் சுவரோரம் போய் நின்றார்கள்.

ஆனி வாதாடவில்லை. "சார், இன்னைக்கு சாயங்காலம் உங்க தளத்தில எங்களுக்கு ஒரு மேசை தர முடியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

நானும் அவளும் போனோம். தராசை ஒரு துணிப்பையில் வைத்து எடுத்துப் போனேன். நல்ல சேலை கட்டியிருந்தும் அந்த இடத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது. பரிமாறுகிறவர் ஒருவர் என் பேச்சைக் கேட்டு, "தமிழாம்மா?" என்று வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தென்காசிக்காரர், முருகேசன் என்று பெயர் சொன்னார். நாங்கள் சாயா மட்டும் கேட்டோம்.

திரியை நிறுத்துவிட்டுப் பற்ற வைத்தேன். சூரியன் இறங்கியதும் காயலில் இருந்து காற்று கிளம்பியது. பலமான காற்று ஒன்றும் இல்லை, முகத்துக்குச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் சுடர் நிமிரவே இல்லை, ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சாய்ந்த பக்கம் திரியின் விளிம்பு உடைந்து உருகிய மெழுகு கடகடவென்று தட்டில் வழிந்தது. எங்கள் பட்டறையில் காற்றே கிடையாது. நாங்கள் எரித்துப் பார்த்தது எல்லாம் நாலு சுவருக்குள்ளே.

ஆனி என் கையைப் பிடித்து அழுத்தினாள். "பத்மேச்சி, இது எரியல. ஒழுகுது."

திரி அணைந்ததும் விநோத்தை வரச் சொன்னோம். நான் மிச்சக் கட்டையைத் தராசில் வைத்தேன். பிறகு தட்டில் உறைந்திருந்த மெழுகைக் கத்தியால் பெயர்த்து அதோடு வைத்தேன். பக்கத்து மேசை வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்தபோது மெழுகில் பெரும்பகுதி அங்கேயே இருந்தது. எரிந்தது கொஞ்சம். வெளிச்சம் கொடுக்காமல் வழிந்ததுதான் அதிகம்.

விநோத் நல்ல மனிதர். தராசைக் குனிந்து பார்த்தார், காற்று வரும் திசையைப் பார்த்தார். "ரோசம்மாவிடம் நான் சாரி சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். பிறகு வேலைப் பேச்சுக்கு வந்தார். "சரி, காற்றை நான் நிறுத்த முடியாது. என்ன செய்யலாம்?"

கண்ணாடிக் கூண்டு போட வேண்டும். திரியைக் கொஞ்சம் தடிப்பாக்கி நூலை மெலிதாக்க வேண்டும். நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, விலை எவ்வளவு ஏறும் என்று தோராயமாகச் சொன்னேன். விநோத் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். "முதலாளி ஒத்துக்க மாட்டார். ஒரு திரிக்கு இதுக்கு மேல என்னால கூட்ட முடியாது."

அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். சுவரோரம் நின்ற மூன்று பெண்களின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஆனி நகத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். அன்று நகத்தில் மெழுகு கூட இல்லை. பிறகு சொன்னாள்:

"சார், அப்போ நீங்க திரி வாங்க வேண்டாம். ஒரு மேசைக்கு ஒரு சாயங்கால வெளிச்சம், அதுக்கு மட்டும் காசு தாங்க. திரியும் எங்களோடது, கண்ணாடியும் எங்களோடது. மிச்சம் வர்ற கட்டை, ஒழுகின மெழுகு எல்லாம் நாங்க திரும்ப எடுத்துக்குவோம்."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னாள். விநோத், கணக்கோடு வாருங்கள் பார்க்கலாம் என்றார். திரும்பி வரும் வழியில், "இதுக்கு எப்படி ஆனி விலை போடறது?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க" என்று சிரித்தாள்.

அந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. அதுவரை நான் பொருளுக்கு விலை போட்டவள். ஒரு சாயங்காலத்துக்கு எப்படி விலை போடுவது? நிறைந்த மேசை எத்தனை, காலி மேசை எத்தனை, மழை நாளில் தளமே மூடியிருந்தால் என்ன செய்வது, கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு, திரும்பி வரும் மெழுகில் எவ்வளவு உருப்படும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முருகேசன் தினமும் கட்டைகளைத் தனிக் கூடையில் எடுத்து வைத்தார். நான் காலையில் போய் நிறுத்தேன். திரும்பி வந்த மெழுகில் கரி இருந்தது, தீக்குச்சி இருந்தது, ஒரு நாள் மீன் முள் இருந்தது. துணியில் வடிகட்டினால் சாம்பல் நிறம் தட்டும்; அடர் சிவப்பு போட்டால்தான் தெரியாது. அதனால் ஹோட்டல் திரியை எல்லாம் சிவப்பாக்கினோம். அந்த மெழுகு ஒரு துளிகூடப் பள்ளித் திரிக்குப் போகக் கூடாது என்று ஆனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதற்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. அதுவும் செலவில் ஏறியது.

தாளை வாசித்தபோது ரோசம்மா வழக்கம் போல நிறுத்தினாள். "கண்ணாடி கழுவுறது?"

"இருக்கு ரோசம்மா. மூணாவது வரி."

"ஆ, அப்போ வாசிக்கு."

மழை மாதங்களுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை, மற்ற நாளில் மேசைக்கு இவ்வளவு என்று முடித்தேன். ஹோட்டல் ஒரு மாதம் சோதித்துப் பார்க்கலாம் என்றது. அந்த மாதம் நான் தூங்கினேனா என்று என் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும். மாதம் முடிந்ததும் விநோத் போன் செய்தார். தொடரலாம் என்றார். அவர்கள் முன்னால் கொடுத்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே செலவாகியிருந்தது. எங்களுக்கு முன்னால் மிஞ்சியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மிஞ்சியது. இரண்டு பக்கமும் எப்படிக் கூடும் என்று புதுப் பெண்களில் ஒருத்தி கேட்டாள். முன்பு தட்டில் வழிந்து குப்பைக்குப் போன மெழுகுதான் இப்போது எல்லார் கைக்கும் போகிறது என்றேன்.

பல வருஷம் அப்படியே நடந்தது. அந்த மூன்று பெண்களும் நிலைத்தார்கள். ஒருத்தி அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளையைத் தேவராவில் காலேஜுக்கு அனுப்பினாள். எனக்கு முழங்கால் வலி வந்து நின்றுகொண்டு வாசிக்க முடியாமல் ஆனபோது, ஆனி அடுப்புப் பக்கத்தில் எனக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தாள்.

பிறகு ஹோட்டல் கைமாறியது. புதியவர்கள் பேட்டரியில் எரிகிற திரிகளை வாங்கிவிட்டார்கள். காற்றானாலும் மழையானாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அதற்கு ஈடாக நான் என்ன கணக்கைக் காட்டுவது? விநோத் போனில் சொல்லாமல் நேரிலேயே வந்து சொன்னார். ஆனி உடையவில்லை. பள்ளி வேலையும் கடை வேலையும் இருந்தன. கல்யாணங்களுக்குப் புதிதாகக் கேட்டு வந்தார்கள். பட்டறை இன்றும் நடக்கிறது. நான்தான் அந்த வருஷத்தோடு நின்றுகொண்டேன். ஆனி விநோத்திடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"கடைசி நாள் எங்க ஆளுகளுக்கு அங்கே மேசை தாங்க சார்."

பட்டறையைச் சீக்கிரம் மூடினோம். எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்குப் போகிற சேலை கட்டிக்கொண்டு வந்தார்கள். முருகேசன் காயலை ஒட்டிய மேசைகளை எங்களுக்கு வைத்திருந்தார். வெள்ளைத் துணி, கண்ணாடிக் கூண்டு, உள்ளே எங்கள் சிவப்புத் திரி. கப்பல் ஒன்று விளக்குப் போட்டுக்கொண்டு மெதுவாக உள்ளே வந்தது. வாழை இலையில் சுட்ட கரிமீன் வந்தது. பெண்கள் முதலில் கூச்சப்பட்டார்கள், பிறகு சத்தமாகவே பேசத் தொடங்கினார்கள்.

ரோசம்மா மட்டும் சாப்பிடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனி கேட்டாள்.

"எந்தா ரோசம்மா, மீன் பிடிக்கலையா?"

"அதில்ல மோளே. பட்டறையில திரி எரியறத தினமும் காணுறேன். ஆளுகளோட முகத்தில இந்த வெளிச்சம் விழறத இப்பத்தானே காணுறேன்."

ஆனி திரும்பிக் கப்பலைப் பார்க்கத் தொடங்கினாள். நான் சுற்றிப் பார்த்தேன். பக்கத்து மேசையில் ஒரு கிழவரும் கிழவியும், அந்தப் பக்கம் ஒரு குழந்தை, அதற்கப்பால் எங்கள் பெண்கள். எல்லார் முகத்திலும் ஒரே மஞ்சள் வெளிச்சம். யார் விருந்தாளி, யார் வேலைக்காரி என்று அதில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தட்டுகளை எடுக்க வந்த முருகேசன் பழக்கத்தில் திரியை அணைக்கக் குனிந்தார். ரோசம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"விடு மோனே. அது தானா தீரட்டும்."

அவர் சிரித்துவிட்டு விலகி நின்றார். நாங்கள் எல்லோரும் அது தீரும் வரை உட்கார்ந்திருந்தோம். அது எவ்வளவு நேரம் எரிந்தது என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை.